வியாழக்கிழமை மட்டும்

ஹட்டன் டவுனில் எங்கள் கடை அடுப்புக்குக்
கதவு கிடையாது.
ஒரு வாயில் வெள்ளையாய்ப் போவது
மறு வாயில் சிவந்து வரும்.
ஆறு நிமிடம் இருபது விநாடி.
கம்பிப் பட்டை தானே நகரும்,
ஊத வேண்டாம், புரட்ட வேண்டாம்.
சீஸ் நூற்று நாற்பது கிராம்:
ஒரு கிராம் கூடினாலும் தராசு கத்தும்,
குறைந்தாலும் கத்தும்.
இப்படி ஒரு தராசை
அம்மாவின் கொழுந்து மடுவத்தில் நான் கண்டதில்லை.
அங்கே சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு,
ஏன் என்று கேட்டால்
கேட்ட வாய்க்கு இன்னும் ஒண்ணு.

சனிக்கிழமை. மழை.
ஓடர் தோஹாவிலிருந்து வந்தது.
காசு அங்கேயே வெட்டியாயிற்று.
பெரியது ஒன்று, கோழி, மிளகாய் கூட.
கீழே குறிப்பு:
"தங்கச்சி ஓ.எல். பாஸ்.
மெழுகுதிரி இருந்தா ஒண்ணு வைங்க."

திரையில் நீலக் கோடு
டிக்கோயா தாண்டி வளைந்து வளைந்து இறங்கி
காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நட்டநடுவில் முடிந்தது.
"நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றாள்
போனுக்குள் இருப்பவள்.
கரையில் பைக்கை நிறுத்தித் தண்ணீரைப் பார்த்தேன்.
பசித்திருப்பதாய்த் தெரியவில்லை.

"அக்கா, எங்க இருக்கீங்க?"
"வீட்லதான்."
"வீடு எங்க?"
"ஸ்டோருக்கு மேல தம்பி,
பன்னெண்டாம் நம்பர் மலையோட ஏறி
பீலிக்கிட்ட கேளுங்க,
ஏழாம் லயம், மூணாவது காம்..."
சிக்னல் போயிற்று.

கடிதமென்றால் கவலையில்லை.
தோட்டத்து ஆபீஸ் மேசையில் ஒரு மாதம் தூங்கும்.
அதற்காக யாரும்
தபால்காரனுக்கு நட்சத்திரம் குறைப்பதில்லை.
பீட்சா தூங்காது.
என் முதுகில் அதன் சூடு
இறங்கிக்கொண்டே இருந்தது,
மூடுபனி ஏறிக்கொண்டே இருந்தது.

லோகேஸ்வரி அக்கா
பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார்.
ஏற்றத்தில் சீஸ் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது.
எட்டுத் துண்டு, பதினொரு பேர்.
தையல் கத்தரியைக் கழுவி வெட்டினார்கள்.
பாஸான பிள்ளை முதல் துண்டை
போன் திரையில் அண்ணன் வாயருகே கொண்டுபோனாள்.
அவன் அங்கே வாயைத் திறந்தான்.
நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
மழைத் தகரம் அவ்வளவு சத்தம்.

திரும்பும்போது பீலியில் கை கழுவி
வரைபடத்தை விரித்தேன்.
அந்த மலையே அதில் வெறும் சாம்பல்.
விடுபட்ட இடத்தைச் சேர்க்கலாம் என்றது.
என்ன வகை?
கடை, கோயில், ஹோட்டல், காட்சிமுனை.
காட்சிமுனை ஏற்கெனவே இருந்தது,
முந்நூறு படங்களோடு.
எங்கள் கூரைகள் எல்லாவற்றிலும் இருந்தன,
அடியில், சிறிதாக.
நான் வீடு என்று எழுதினேன்.
ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா.
பரிசீலிக்கிறோம் என்றது.
ஐந்தாம் நாள்
சாம்பலில் சிவப்பாய் ஒரு புள்ளி முளைத்திருந்தது.

கடை முழுக்கக் காட்டினேன்.
அடுப்பைப் பார்க்கும் புஷ்பகாந்தன்
தன் காசில் ஒரு சோடா உடைத்துக் கொடுத்தான்.
"வெள்ளைக்காரன் காலத்துல இருந்து
ஒருத்தனும் போடாத விலாசம்டா" என்றான்.
அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை.

மூன்றாவது வியாழன், மத்தியானம்,
அக்காவின் நம்பர்.
இன்னொரு பீட்சா என்றுதான் எடுத்தேன்.

"தம்பி,
கிழமைக் கடன்காரன் இன்னைக்கி
நேரா வாசலுக்கே வந்துட்டான்.
முந்தி பீலிக்கரையில நின்னு விசாரிப்பான்,
புள்ளைங்க ஆளுக்கொரு பக்கம் கை காட்டுங்க.
இன்னைக்கி ஒருத்தரையும் கேக்கல.
போனப் பாத்துக்கிட்டே வந்தான்."

எனக்குப் பின்னால் கம்பிப் பட்டை நகர்ந்தது.
ஆறு நிமிடம், இருபது விநாடி.

"கோவிச்சுக்காதீங்க.
அந்தப் புள்ளிய கொஞ்சம் தள்ளி வைக்க ஏலுமா?
வியாழக்கிழமை மட்டும்.
பழையபடி,
தண்ணிக்குள்ள."