எழுதாத பட்டியல்

கோத்தகிரி மார்க்கெட் திடலில்
தேயிலை ஃபேக்டரி ஆட்களின் கூட்டம்.
மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டர் ஓரம்,
குறிப்பேட்டோடு நான்.
யார் என்ன பேசினார்,
எத்தனை தலை, எத்தனை கொடி.
தனிப்பிரிவில் ஆள் குறைவு,
அதனால் இன்று என் கையெழுத்து.

செயலாளர் ஹாலனுக்கு நல்ல தொண்டை.
எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்றார்.
எழுதினேன்.
வாரம் ஒரு நாள் ஓய்வு, அது பிச்சை இல்லை என்றார்.
எழுதினேன். அந்த இடத்தில் பேனா
கொஞ்சம் அழுத்திவிட்டது,
அடுத்த பக்கத்திலும் தடம்.
பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்றார்.
காலை ஆறிலிருந்து நிற்கிறேன் நான்.
அதையும் எழுதினேன்,
அவர் சொன்னதாக.

"எழுதிக்கிட்டிருக்கிற அம்மாவுக்கு
ஒரு சேர் போடுங்கப்பா"
மைக்கிலேயே சொல்லிவிட்டார்.
கூட்டம் திரும்பிப் பார்த்தது.
வேண்டாமென்று கையாட்டினேன்.
உட்கார்ந்தால் யாராவது படம் பிடிப்பார்கள்.
போட்ட நாற்காலி போட்டபடி கிடந்தது.
மழை வந்து அதில் உட்கார்ந்தது.

எங்களுக்குச் சங்கம் கிடையாது.
சட்டம் அப்படி.
ஒரு குறை என்றால்
ஒரு ஆள், ஒரு மனு, ஒரு கையெழுத்து.
இரண்டாவது கையெழுத்து விழுந்தால்
அது வேறு ஏதோ ஆகிவிடுமாம்.

மே மாத சீசனில்
கட்டபெட்டு வளைவில், மூடுபனியில்
சுற்றுலா வேன் ஒன்று
தவசீலனின் காலில் ஏறியது.
பதினேழு மணி நேரம் நின்ற கால்.
கோவைக்குக் கொண்டுபோனோம்.
காப்பீட்டு அட்டை செல்லும் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை,
படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் அட்டை செல்லாது.

போஜன் ஏட்டு
பழைய டூட்டிச் சீட்டின் பின்பக்கம்
கோடு போட்டுப் பெயர் எழுத ஆரம்பித்தார்.
எதிரே ஐந்நூறு, ஆயிரம்.
பதினோராம் பெயரில் இன்ஸ்பெக்டர் அய்யா வந்தார்.
திட்டவில்லை. வாசித்தார். மடித்தார்.
நாலாகக் கிழித்தார், அப்புறம் எட்டாக.
"பணம் குடுங்க, நான் பார்க்கலை.
பேரை மட்டும் வரிசையா எழுதாதீங்க.
வரிசையா எழுதினா மேலே அதுக்குப் பேரு சங்கம்."
கிழிக்கும்போது அவர் கை நடுங்கியது என்பார் போஜன் ஏட்டு.
நான் பார்க்கவில்லை.

அன்று இரவு
துப்பாக்கி ரேக்குக்குப் பக்கத்தில்
தவசீலனின் ஹெல்மெட் மல்லாந்து கிடந்தது.
ரோல்கால் முடிந்து ஒவ்வொருவராக
தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி அந்தப் பக்கம் போனோம்.
ரைட்டருக்கு மட்டும் இரண்டு முறை தாகம்.
விடிந்து எண்ணினால்
முப்பத்தொன்பதாயிரத்து நாற்பது.
அந்த நாற்பது யாருடையது என்ற வழக்கு
ஸ்டேஷனில் இன்னும் முடியவில்லை.

ஆடியில் தவசீலன் வந்தான்,
முழங்காலுக்குக் கீழே தகடு, சற்றே சாய்ந்த நடை.
யாருக்கு எவ்வளவு தரணும் என்று கேட்டான்.
பட்டியல் இல்லை என்றோம்.
அதுதான் அவனைப் பாடாய்ப் படுத்துகிறது.
யாரிடம் பட்ட கடன் என்று தெரியாமல்
எல்லாரிடமும் பட்டவனாக நடக்கிறான்.
என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்
என் இரவு பாராவில் அவன்.
ஒற்றை ரூபாய்கூடப் போட்டிருக்க மாட்டான் என்று
நாங்கள் சத்தியம் செய்யும் அருளப்பனுக்கும் அவன்.
அருளப்பனுக்கு வெட்கம் வந்ததோ என்னவோ
போன வாரம் ரைட்டருக்காக
விடியும்வரை நின்றான்.
அய்யா வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்,
இருந்தவர் ஒருவர், பெயர் ஒருவர்.
ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டம் ஆறரைக்கு முடிந்தது.
சுமார் இருநூற்றுப் பத்து பேர்,
ஒலிபெருக்கிக்கு அனுமதி உண்டு,
அமைதியாகக் கலைந்தனர் என்று எழுதி
ஈரம் காய ஊதினேன்.
ஹாலனின் ஆள் ஒருவர் வந்து
நாற்காலியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து
தோளில் மாட்டிக்கொண்டு போனார்.
அதைப் பற்றி
அறிக்கையில் ஒன்றும் இல்லை.