பதினெட்டு டிகிரி

கருங்கலில் ஒரு வீட்டுச் சுவருக்குள்
கேஸில் எரியும் கணப்பு இருக்கிறது என்றால்
மார்த்தாண்டத்தில் எவனும் நம்பவில்லை.
'அடுப்பா அண்ணே?' என்றான் கடைப்பையன் ஜெபின்.
அடுப்பில்லை மக்கா. ஒன்றும் வேகாது அதில்.
சும்மா எரியும்.

ஸ்டவ் பழுது பார்க்கிறவன் நான்.
பர்னர் அடைப்பு, ரெகுலேட்டர் கசிவு,
பொங்கி வழிந்து கரிந்த பாயசம்.
இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த நெருப்பு.

வினிப்பெக்கில் இருபத்தாறு வருடம்
நர்ஸாக நின்ற விஜிலாபாய் அக்கா
கதவைத் திறந்ததும்
குளிர் வந்து என் காலைப் பிடித்தது.
ஏசி பதினெட்டில்.
வெளியே, மழை விட்ட வெயிலில்
கொடியில் கிடந்த ரப்பர் ஷீட்டுகள்
வியர்த்துக்கொண்டிருந்தன.

கண்ணாடியில் வெள்ளையாய் ஒரு படலம்,
ஆறிய கஞ்சியில் ஆடை விழுந்ததுபோல.

'நாரங்கா தேய்ச்சேன். பல்பொடி போட்டேன்.
சாம்பல் போடலாமுண்ணா
சாம்பலுக்கு நாலு வீடு ஏறணும் இப்போ.
பால்வெட்டுக தங்கையன் சொன்னான்,
ரப்பர் பாலுக்கு ஊத்துக அமோனியா
ரெண்டு சொட்டு விட்டா போவும்ணு.'

விட்டீங்களா?

'இல்ல.'

நல்லகாலம்.
கூட வந்த புத்தகத்தில்
அதைத்தான் பெரிய எழுத்தில் விலக்கியிருந்தார்கள்.

புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.
விடியக்காலம் எரித்திருக்கிறார்.
ஆறணும் அக்கா, என்றேன்.
'எவ்வளவு நேரம்?'
ஒரு சாயா நேரம்.

சாயா வந்தது. கூடவே அதுவும் வந்தது,
நான் கேட்காமலே:
'நைட் டூட்டி முடிஞ்சு வருவேன்.
மைனஸ் முப்பது. புருவத்துல ஐஸ் நிக்கும்.
கோட்டைக் கழத்தாம அதுக்க முன்னால இருப்பேன்.
பிள்ளைய எழும்ப இருபது நிமிசம் கெடக்கும்.
ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ.
அந்த இருபது நிமிசம் எனக்கது.'

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள்
கம்பளி கொண்டுவருவார்கள், டார்ச், சோப்பு.
இவர் மரப்பெட்டியில் அடைத்து
கப்பலில் ஏற்றி
இருபது நிமிஷம் கொண்டுவந்திருக்கிறார்.

எட்டு ஸ்க்ரூ.
பழைய பெட்ஷீட்டை விரித்து
கண்ணாடியைக் கிடத்தினேன்.
வெள்ளைப் பசை, ஈரத்துணி,
சின்னச் சின்ன வட்டம், அழுத்தாமல்.
படலம் முதலில் அசையவில்லை.
பிறகு மாவாகித் துணியோடு வந்தது.
மோந்து பார்த்தேன்.
வெடி வெடித்த மறுநாள் முற்றத்தின் மணம்.

உள்ளே மண்ணில் சுட்டுச் செய்த விறகுகள்.
பட்டை, கணு, வெட்டுவாய் எல்லாம் அசல்.
எத்தனை வருடம் எரிந்தாலும் தீராது.
விறகுக்கடை சேவியர் பார்த்தால்
நெஞ்சடைத்துப் போவான்.

வெளிக்குழாயில் குளவி மண்வீடு கட்டியிருந்தது.
அதுதான் பாதி மூச்சை அடைத்தது.
இடித்தேன். இரண்டு அறை காலி.
மூன்றாவதில் என்ன இருந்ததென்று
அக்காவிடம் சொல்லவில்லை.

ஒரு மூலையில், நகமளவு, போகவே இல்லை.
'அது கண்ணாடிக்குள்ள எறங்கியாச்சு.'
'கெடக்கட்டும்' என்றார்.

பொத்தானை அழுத்தினார்.
நீலம் எழுந்து, யோசித்து, மஞ்சளானது.
'இரியும்.'
இருந்தேன்.
முகத்தில் சூடு, முதுகில் குளிர்.
ஒரே உடம்பில் இரண்டு ஊர்.

அப்போது கறண்டு போனது.

ஏசி ஒருமுறை கனைத்து நின்றது.
தீக்குக் கறண்டு வேண்டாம், அது எரிந்தது.
ஜன்னலைத் திறந்தேன்.
மீன்காரன் பைக்கின் ஹாரன் உள்ளே வந்தது,
ரப்பர் பாலின் புளிச்ச வாடை வந்தது,
டிசம்பர் என்று பேர் வைத்துக்கொண்ட வெக்கை
செருப்பைக் கழற்றாமல் வந்தது.

அக்காவின் மேலுதட்டில் வியர்வை.
கழுத்தில், காதோரத்தில்.
அணைக்கட்டா, என்றேன்.

கண்ணாடியிலிருந்து கண்ணெடுக்காமல்
கையை மட்டும் உயர்த்தினார்.
'இன்னும் பதினொரு நிமிசம் உண்டு.'

சட்டை முதுகோடு ஒட்டியது.
கூலி கேட்க நான் எழவில்லை.