ஓரம்

பதினெட்டரைக் கிலோ.
காசிமேட்டு மீன் தராசில் கிடத்தியபோது
வஞ்சிரம் வாங்க வந்தவள்
"கிலோ இன்னா வெலை?" என்றாள்.

எண்பத்தெட்டில் வார்த்த பாய்ப்பலகை.
பழைய இரும்புக் கடையில்
எழுநூறு ரூபாய்க்குப் பிடித்தது.
வால்பக்கம் ஓட்டை போட்டுச் சாய்த்து வைத்தேன்.
இரண்டு நாள் ஒழுகியது
எந்த ஊர்க் கடலோ.
மறுபடி தராசு: பதினாறேகால்.

பிலவேந்திரன் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிறவன்.
பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.
"உருண்டு கெடக்கு. தண்ணி கட்டிப் புடிச்சிக்கும்,
வுடாது."
டேப்பால் வரம்பு கட்டி ரெசின் ஊற்றினோம்.
எண்பது, இருநூற்றிருபது, நானூறு,
உப்புத்தாள் மாற்ற மாற்ற
ஓரம் பல்லைக் காட்டியது.

திருவொற்றியூரில் கல்லிலிருந்து கல்லுக்குப்
போன மாதம் நாற்பத்தொரு நொடி.
இன்று முப்பத்தாறு.

அவன் கத்தினான்.
நான் கத்தவில்லை.
தென்னல் இன்று கொஞ்சம் முரடு,
காலையில் நான் சாப்பிடவும் இல்லை.
ஐந்து நொடியில்
எது யாருடையது?

கரையேறும்போதுதான் பார்த்தேன்.
முழங்காலுக்குக் கீழே
ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல
சிவப்பாய் ஒரு கோடு.

குனிந்து பார்த்துவிட்டு
"ரெண்டு நொடி என்னுது" என்றான்
பிலவேந்திரன்.