படுக்கைக் கோடு

ராயக்கோட்டை சாலையில் என் எடைமேடை.
கிரானைட் ஏறினால் முப்பத்தெட்டு டன்,
மாங்காய் ஏறினால் பதினொன்று.
பத்துக் கிலோ முன்னே பின்னே போனால்
கேட்பாரில்லை.
சீட்டைக் கிழித்து நீட்டிவிடுவேன்.

இரவில் அதே விரல்கள்
ஈயக் குண்டுகளை எடை போடுகின்றன.
அடகுக் கடை மூடியபோது மலிவாக வந்த தராசு,
தபால்தலைக்காரர்களின் இடுக்கி.
மின்விசிறியை நிறுத்த வேண்டும்.
மூச்சுப் பட்டாலும் கடைசி இலக்கம்
பதறிப்போகும்.

ஐந்நூற்று முப்பது மில்லிகிராம் ஒரு கிண்ணம்,
முப்பத்தொன்று இன்னொன்று.
இடுப்பு நெளிந்தது, பாவாடை நசுங்கியது,
காரணம் தெரியாமல் கனப்பது
எல்லாம் மூன்றாவதில்.
வியர்வையில் நனைந்து கதவோரம் நிற்கும் சாந்தகுமாரி
"இதுல எது பொண்ணு, எது மாப்பிள்ளை?" என்கிறாள்.
ஜாதகம் பார்க்கிறேனாம்.

கணக்கு இதுதான், அவளுக்கும் சொன்னேன்:
குழலை விட்ட கணமே குண்டு விழத் தொடங்குகிறது.
பத்து மீட்டர் போவதற்குள்
பதினேழு மில்லிமீட்டர் இறங்கிவிடும்.
மெதுவாகப் போவது கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.
நொடிக்கு மூன்று மீட்டர் பிசகினால் போதும்,
அரை மில்லிமீட்டருக்கு மேல் உயரம் மாறும்.
அட்டையின் நடுப்புள்ளியே
அரை மில்லிமீட்டர்தான்.
"அவ்வளவுதானா" என்று போய்ப் படுத்துவிட்டாள்.
அவ்வளவுதான்.

பழையபேட்டையில் மாம்பழக் கிடங்கின் மாடி
எங்கள் சுடுதளம்.
ஜூன் மாதத்தில் கன்னத்தை வைத்தால்
துப்பாக்கிக் கட்டையிலும் பழ வாசனை.
வேகம் பார்க்கும் பெட்டிக்கு இரண்டு கண்கள்,
ஒன்றைத் தாண்டி மற்றொன்றைத் தொடும் நேரத்தை
எண்ணாக்கிச் சொல்லும்.

நூற்று எழுபத்தொன்று புள்ளி எட்டு.
நூற்று எழுபத்திரண்டு.
எழுபத்தொன்று புள்ளி ஒன்பது.
மறுபடியும் புள்ளி ஒன்பது.
எனக்குத் தொண்டை அடைத்தது. அப்படி ஓர் ஒழுங்கை
என் சம்பளத்தில்கூடப் பார்த்ததில்லை.

தேன்கனிக்கோட்டையிலிருந்து கெம்பராஜ் வந்திருந்தான்,
பட்டுக்கூடு வாங்கி விற்பவன்.
குண்டு டப்பா சட்டைப் பையில்
கிலுகிலுப்பை போல ஆடிக்கொண்டிருந்தது.
பொறுக்கவில்லை, எடை போடவில்லை.
அவன் எண்கள் குதித்தன:
நூற்று அறுபத்தொன்பது, எழுபத்து நான்கு,
எழுபது, எழுபத்து மூன்று.
நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அட்டைகள் வந்தன.
அவனுடையதில் ஒரே ஒரு துளை,
நெல்மணியை நிமிர்த்தி வைத்ததுபோல
மேல்கீழாக லேசாக நீண்டு.
தொண்ணூற்றேழு.
என்னுடையது தொண்ணூற்று மூன்று.
ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது,
அப்படியொரு மட்டம்.
உயரத்தில் பிசகே இல்லை.
இடமிருந்து வலமாகப்
புளியங்காய் ஒன்று படுத்துக் கிடந்தது.

வேகத்துக்குப்
பக்கவாட்டில் தள்ளத் தெரியாது.
நான் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கெம்பராஜ் மட்டும் கேட்டான்:
"ராத்திரி எத்தன மணி வரைக்கும் எடை போட்ட?"
ரெண்டு, என்றேன்.
அவன் டப்பாவை மூடினான்.

திங்கட்கிழமை காலை
பர்கூர் லாரி ஒன்று மேடையேறியது.
ஓட்டுநர் எஞ்சினை அணைக்கவில்லை.
இருபத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து,
முந்நூற்று முப்பது, இருநூற்றுத் தொண்ணூறு.
"அணைய்யா" என்று கத்தினேன்.
அணைத்தான். வண்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது.
எண் இன்னும் கொஞ்ச நேரம் ஆடியது.
என் கை பொத்தான்மேல் இருந்தது,
கையும் ஆடியது.

கிண்ணங்களை ஒன்றாகக் கொட்டிவிடு என்கிறாள் சாந்தகுமாரி.
கொட்டமாட்டேன்.
கலந்த குண்டை வைத்துச் சுட்டால்
நாளைக்கே நான் ஈயத்தைத் திட்டிவிடுவேன்.
இப்போது திட்ட ஆளில்லை.
பத்து மணிக்கு விளக்கை அணைக்கிறேன்.
மின்விசிறி ஓடுகிறது.