ஒன்றேகால் அங்குலம்

கடைக்காரர் துக்கோஜி ராவ்
நாற்காலி போட்டது என் மாமாவுக்கு.
மாமா வண்டி ஓட்டி வந்தவர், அவ்வளவுதான்.
லைசென்ஸை இரண்டு முறை படித்துவிட்டு
அ. லூர்து பவித்ரா, வயது இருபத்திரண்டு,
நோக்கம் பயிர்ப் பாதுகாப்பு
என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

தஞ்சாவூர் கீழவாசல். மாசி மாத மத்தியானம்.
கண்ணாடி அலமாரிக்குள் ஏழு துப்பாக்கிகள்
பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி
பேசாமல் நின்றன.

"வேட்டைக்கா?" என்றார், குரலைத் தணித்து.
"விரட்ட" என்றாள் அம்மா, தணிக்காமல்.
கொள்ளிடத் திட்டில் நாணலுக்குள் பகலெல்லாம் கிடந்து
இருட்டியதும் மணல் கடந்து வருகிற பன்றிகள்
பூவன் வாழையைக் கட்டையோடு கிளப்பிப் போட்டதை
எண்ணிக்கையோடு சொன்னாள்.
மாமா சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

முதலில் இரட்டைக்குழல்.
தோளில் ஏற்றியதும்
குழல் நுனி தானாகவே தரையைத் தேடியது.
"கனம் இருந்தாத்தாம்மா உதை குறையும்.
லேசானது எடுத்தா தோள் நீலமாயிடும்."
"உதை வாங்குறது என்னைக்கோ ஒரு நாள்.
தூக்கிக்கிட்டு வரப்புல நடக்கிறது தினம்."
"ரெண்டு குழல்னா ரெண்டு வெடிம்மா."
"முதல் சத்தத்துக்குப் போகாத பன்னி
ரெண்டாவதுக்கா போகப் போகுது?"

அடுத்து ஒற்றைக்குழல், பன்னிரண்டு போர்.
அடைக்கலமேரி மாட்டுக்குப் பல் பார்க்கிறவள்.
குழலை மடக்கி, வாசல் வெளிச்சத்தில்
ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தாள்.
கீலை ஆட்டினாள். நகத்தால் துருவைத் தேடினாள்.
முகர்ந்தும் பார்த்தாள்.
ராவ் முதன்முறையாக எனக்கும் ஒரு நாற்காலி இழுத்தார்.

"பாப்பா இடக்கையா? மாத்திக்க முடியாதா?"
ஒன்றாம் வகுப்பில் ஸ்கேலை வைத்து
முயன்று பார்த்துவிட்டார்கள் என்றேன்.
நல்லவேளை, இதன் கொக்கி நடுவில் இருந்தது.
எந்தக் கைக்கும் பகையில்லை.

பின்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து
விரலை நீட்டச் சொன்னார்.
விசை எட்டவில்லை.
காற்றில் ஒரு கொக்கியாக வளைந்து நின்றது விரல்.
"பழகப் பழகச் சரியாயிடும்."

அம்மா துப்பாக்கியைக் கீழே வைத்தாள்.
"வளரும் வளரும்னு பன்னெண்டு வருஷம்
பெரிய யூனிஃபார்மா எடுத்தேன்.
ஒருநாளும் எம்பொண்ணு அந்தச் சட்டைக்குள்ள சரியா இருந்ததில்ல.
இனிமே வளராது.
இது இன்னைக்கே பொருந்தணும்."

பின்சந்துத் தச்சன்
பென்சில் கோடு போட்டான்.
ஒன்றேகால் அங்குலம்.
அறுபடும்போது ராவ் கல்லாப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
மரத்தூள் காப்பிப்பொடி நிறம்.
துண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
பத்துத் தோட்டா, ஒரு ரசீது, உறை இலவசம்.

நான்காம் நாள்
தேர்தல் தேதி சொன்னார்கள்.

ஊர்த் துப்பாக்கிகளெல்லாம் ஸ்டேஷனுக்குப் போயின.
மெஷின் எண்ணெய் வாசம் போகாத,
ஒருமுறைகூட வெடிக்காத என்னுடையதற்கு
ரைட்டர் சீட்டுக் கட்டினார்: எண் பதினாறு.
கட்டுமுன் தன் தோளில் வைத்துப் பார்த்தார்.
கழுத்தைக் கோணினார். முழங்கையை மடக்கினார்.
"என்ன, குட்டையா இருக்கு?"
எனக்குச் சிரிப்பு வந்தது.
கையெழுத்தை இடக்கையால் போட்டேன்.

அன்று இரவே வந்துவிட்டன.
அம்மா டார்ச்சைப் பிடித்தாள்.
வாய்க்கால் ஓரம் ஆறு முதுகுகள்,
ஒரு குட்டி.
நைட்டிப் பையில் கைவிட்டபோது
துப்பாக்கியில் மிச்சம் எங்களிடம் இருந்தது அதுதான்:
வார்னிஷ் ஒரு பக்கம், பச்சை அறுப்பு ஒரு பக்கம்.
எண்ணெய் டின்னில் ஓங்கி ஓங்கி அடித்தேன்.

பன்றிகள் தலையைத் தூக்கிக் கேட்டன.
குட்டி மட்டும் இரண்டடி நகர்ந்தது.
பிறகு தின்றன.

ஓட்டு எண்ண இன்னும்
ஐம்பத்தொரு நாள்.