நாலு போல்ட்

ஆரப்பாளையம். தேனி பஸ் திரும்புகிற முனை.
எந்திரத்தின் எடை முந்நூற்றிருபது கிலோ,
அதுவும் வெறும் வயிற்றில்.
நான் சரக்கு ஏற்றினால் இன்னும் எண்பது.

கண்ணாடிக்குப் பின்னால்
சுருள்கம்பியின் நுனியில்
ஒரு கடலைமிட்டாய் பாக்கெட்
விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல்
தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.
பத்து ரூபாய்க் காசு உள்ளே போயாயிற்று.
கண்டக்டர் வாங்காத காசு,
டீக்கடை வாங்காத காசு,
இதுவாவது வாங்கிக்கொண்டதே என்று
மொக்கராசு முதலில் சிரித்தாராம்.

பிறகு தட்டினார்.
பிறகு தோளால் ஒரு இடி.
உசிலம்பட்டி வண்டி ஹாரன் அடித்ததும்
மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து
புளியங்கிளையை வளைப்பதுபோலத்
தன் பக்கமாய்ச் சாய்த்தார்.
கிளை என்றால் விட்டதும் மேலே போயிருக்கும்.

காலில் மூன்று எலும்பு.
பெரியாஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள்.
பாக்கெட் அப்போதுதான் விழுந்தது என்று
வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பவுனுத்தாய் சொன்னாள்.
சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

சுதர்சனம் சார் என்னைக் கூப்பிட்டு
விதி எழுதி ஒட்டச் சொன்னார்.
"சிவப்பில் போடு. பெரிய எழுத்தில்.
படிக்கிறவனுக்குத் தப்பு தன்மேல்தான்னு தெரியணும்."

எழுதினேன்.
ஆட்டாதீர். சாய்க்காதீர். மேலே ஏறாதீர்.
பொருள் விழும் கதவுக்குள் கையை விடாதீர்.
அந்தத் தகரம் உள்ளே போக வழிவிடும்,
திரும்பும்போது கணக்குக் கேட்கும்;
என் வலது மணிக்கட்டில் இருக்கிறது
அதன் கையெழுத்து.
குழந்தைகளைத் தூக்கிப் பொத்தானை அமுக்க விடாதீர்
என்று எழுதி, அடித்துவிட்டேன்.
அமுக்கட்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.
ஈரக்கையால் தொடாதீர் என்றும் எழுதினேன்,
எர்த் கம்பியை எலி கடித்திருப்பதை எழுதாமல்.

எந்திரத்தின் முதுகில் நாலு ஓட்டை உண்டு.
சுவரோடு சேர்த்து முடுக்க
கம்பெனிக்காரன் போட்டு அனுப்பியது.
இறக்கிய அன்று ஒப்பந்தக்காரர் சொன்னார்:
"டைல்ஸ் கீறினா எவன் பதில் சொல்றது?
அதெல்லாம் அசையாது, கையெழுத்தைப் போடு."
'பொருத்தப்பட்டது' என்ற கட்டத்தில்
போட்டேன்.

நாலு போல்ட்டும் இரண்டு வருஷமாய்
என் பைக் பெட்டியில்தான் கிடந்தன.
செல்லூர் வேகத்தடை ஒவ்வொன்றிலும்
கிணுங், கிணுங்.
முதல் மாதம் கேட்டது.
அப்புறம் அது வண்டியின் சத்தமாகிவிட்டது.
விபத்துக்குப் பிறகு மறுபடி கேட்கிறது,
மேடு இல்லாத ரோட்டிலும்.

நேற்று ராத்திரி ஒன்றரைக்கு
டிரில் மெஷினோடு போனேன்.
பெஞ்சில் தூங்கியவர் எழுந்து திட்டினார்.
டைல் ஒன்று கீறத்தான் செய்தது,
குறுக்காக, மூலைக்கு மூலை.
போல்ட்டை முடுக்கி, எர்த் கம்பியை மாற்றி,
அப்புறம் ஈரப்பசையோடு இருந்த என் விதிகளுக்கு முன்னாலேயே
மொக்கராசு பிடித்த இடத்தில் பிடித்து
இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன்.
தோள்தான் வலித்தது.

உண்டியலைத் திறந்தேன்.
அவருடைய காசு எதுவென்று தெரியவில்லை.
ஒன்றை எடுத்துத் தனியாக
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லை.

கடைசி வரியில் அலுவலக நம்பர் போடச் சொல்லியிருந்தார்.
அங்கே பத்து மணிக்கு முன்னால் யாரும் எடுப்பதில்லை.
என் நம்பரைப் போட்டேன்.

காலை ஐந்து நாற்பதுக்கு அடித்தது.
"அண்ணே, முறுக்கு பாக்கெட் ஒண்ணு
அந்தரத்துல நிக்குது. லேசா ஒரு தட்டு தட்டவா?"

"தொடாதீங்க.
பஸ் போனா அடுத்த பஸ் வரும்.
தள்ளி நில்லுங்க, நான் கிளம்பிட்டேன்"
என்றேன், சட்டையைத் தேடியபடி.