எதிர்மனுதாரர்

திங்கட்கிழமை பதினொரு மணிக்குள்
நாற்பது மனு வந்துவிடும் என் மேசைக்கு.
சாக்கடை, தெருவிளக்கு, நாய்
இவை ஒரு கட்டு.
மாமன்ற உறுப்பினர் மீதான புகார்கள் தனிக் கட்டு.
அதற்குப் பச்சை நாடா.
ஏன் பச்சை என்று கேட்டதற்கு
எனக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்த செல்லாண்டி சார்
சிவப்பு தீர்ந்துபோச்சு என்றார்.

குகையிலிருந்து வேடியப்பன் எழுதுகிறார்:
குடிநீர் இணைப்புக்கு எட்டாயிரம் கேட்டார்கள், கொடுத்தேன்.
மறுபடி ஐயாயிரம் கேட்டார்கள், கொடுத்தேன்.
தண்ணீர் வரவில்லை ஐயா,
கேட்டவர் மட்டும் தவறாமல் வருகிறார்.
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து இன்னொன்று,
பெயரில்லை, தெருவில்லை.
தாளைச் சாய்த்துப் பிடித்தால்
மடிப்பில் வெள்ளித்தூள் மினுங்குகிறது.
ஏதோ கொலுசுப் பட்டறை.
மொட்டை மனு, கோப்பில் சேர்க்கவும்.
அந்த முத்திரைக்கு மை ஊற்றுவதும் நான்தான்.

பெயர் போட்ட மனுவுக்கு ஒரு நடைமுறை உண்டு.
விளக்கம் கேட்டு உறுப்பினருக்கே அனுப்ப வேண்டும்.
நெல்லைத் தின்ற எலியின் கையில்
மரக்காலைக் கொடுத்து அளக்கச் சொல்வது.
பதினைந்து நாளில் பதில் வரும்:
குற்றச்சாட்டு முற்றிலும் பொய், அரசியல் காழ்ப்புணர்ச்சி.
ஆள் மாறினாலும், கட்சி மாறினாலும்
வாசகம் மாறுவதில்லை.
'காழ்ப்புணர்ச்சி'யில் விட்டுப்போன ப்பன்னாவை
பதினோரு வருடமாக
பென்சிலால் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வைகாசியில் ஒரு நாள்.
சேர்வராயன் பக்கம் இருட்டிக்கொண்டு நின்றது,
மழை வரவில்லை.
ஜன்னல் மூடும் நேரம்,
என் கையில் பாதி கடித்த தட்டுவடை செட்.
வரிசையின் கடைசியில் ஒரு பெண்.
எங்கோ பார்த்த முகம்.
பேனர்களில் பார்த்தது.
கைகூப்பிச் சிரிக்கும் கணவரின் தலைக்கு மேல்
மூலையில், தபால்தலை அளவில்.

கோடு போட்ட நோட்டுத்தாள், இடது ஓரம் கிழிசல்.
அனுப்புநர்: கனகவல்லி.
பொருள்: எங்கள் வார்டு உறுப்பினரின் நடத்தை.
உறுப்பினர் குழாய்க்குப் பணம் வாங்குகிறார்.
உறுப்பினர் வேடியப்பன் வீட்டில் இரண்டு தடவை வாங்கினார்.
உறுப்பினர் கையெழுத்து எல்லாத் தாளிலும் இருக்கிறது.
பதவியேற்ற அன்று போட்டதைத் தவிர
எதையும் நான் போடவில்லை.

இருக்கச் சொல்லிவிட்டு உறுதிமொழிப் பதிவேட்டை எடுத்தேன்.
அதில் அவர் பெயர்
பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையெழுத்தாக,
கடைசி 'லி'யின் சுழி கொஞ்சம் பெரிதாக.
மற்ற கோப்புகளில் எல்லாம்
ஒரே இழுப்பு, அடியில் இரண்டு கோடு.
இத்தனை நாளும்
இரண்டுக்கும் ஒரே முத்திரையைத்தான் குத்தியிருக்கிறேன்.

எதிர்மனுதாரர் என்ற கட்டத்தில்
அவர் பெயரையே எழுதினேன். வேறு வழியில்லை.
விளக்கக் கடிதம் எந்த விலாசத்துக்கு?
வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றினார்,
இறக்கினார்.
வீட்டுக்கு வேண்டாங்க.
அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.
இங்கயே வச்சிருங்க, நான் வந்து வாங்கிக்கறேன்.

பதினான்காம் நாள் வந்தார்.
கடிதத்தை வாங்கி, நின்றபடியே படித்து,
என் பேனாவைக் கேட்டார்.
விளக்கம்:
குற்றச்சாட்டு முற்றிலும் உண்மை.
கீழே கையெழுத்து.
மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் கணவர் வந்தார், நாலு பேரோடு.
எங்க வீட்டம்மா இங்க வந்தாங்களா?
உறுப்பினர் வந்தார் என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
அன்று சைக்கிளை அம்மாப்பேட்டை வரை
சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோப்பு மேலே போய் நான்கு மாதம்.
மேலே என்றால் இரண்டாவது மாடி.
மின்விசிறி அங்கே நன்றாகச் சுற்றும்,
தாள்கள் பறக்காமலிருக்க
கனமான எதையாவது வைத்திருப்பார்கள்.
பச்சை நாடாவை நான் கட்டி அனுப்பவில்லை,
குண்டூசி மட்டும் குத்தினேன்.
கட்டினால் அவிழ்க்க ஆள் தேட வேண்டும்.

வேடியப்பன் திங்கள்தோறும் வருகிறார்.
ஜன்னலுக்குள் தலையை நீட்டி
வந்துருச்சுங்களா என்பார்.
தண்ணீரா, பதிலா என்று
நான் கேட்பதில்லை.